பெயர் சொல்லிக் கூப்பிட ஓராள்

பதினொரு வருடமாக யோகலிங்கம் பேய்க்கதை எழுதிக்கொண்டிருந்தான். பகலில் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வீட்டுக்கு வந்தால் பேய். திருகோணமலை எழுத்தாளர்கள் அவனைத் தெருவில் கண்டால், "என்ன, பேயெல்லாம் சுகமா?" என்று பெண்சாதி பிள்ளைகளைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சீதனக் கொடுமையையும் வறுமையையும் எழுதியவர்களுக்கு மாலை விழுந்தது. பேய்க்கு யார் மாலை போடுவார்கள்?

எழுபத்து நான்காம் ஆண்டு, துறைமுக எழுத்தாளர் வட்டத்துக்கு என்ன பிடித்ததோ, திகில் கதைக்கென்று தனியாக ஒரு பரிசை அறிவித்தது. முதற்பரிசு யோகலிங்கத்துக்கு. கதை வாரப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. இரண்டு நாள் அவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

மூன்றாம் நாள் சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து கதிரவேல் கந்தோர் வாசலுக்கு வந்தார். மீன்பிடிக்காரர். கையில் அதே பத்திரிகை.

"தம்பிதானே இந்தக் கதை எழுதினது?"

"ஓம்." யோகலிங்கம் பாராட்டை வாங்கிக்கொள்ள முகத்தைத் தயாராக்கினான்.

"என்ர தங்கச்சியின்ர மனிசன் கனகசுந்தரம் கடலுக்குப் போய் ரெண்டு வருசம். ஆளும் இல்லை, தோணியும் இல்லை. தர்ப்பையில உருவம் செய்து எரிச்சு, காரியத்தை முடிப்பம் எண்டு இப்பதான் ஒரு மாதிரிச் சம்மதிச்சவள். வாற வெள்ளிக்கிழமை செய்ய இருந்தது. இதைப் படிச்சுப்போட்டு மாட்டன் எண்டு நிக்கிறாள். நேற்று இடுப்பளவு தண்ணியில நிண்டவள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான்."

யோகலிங்கத்தின் கண் அந்தப் பத்திரிகைக்குப் போனது. அவன் கதையில் கடலில் போன ஒருவன், பொழுதுபடும் நேரத்தில் அலையோடு அலையாகக் கரைக்கு வருகிறான். தண்ணீருக்குள் நின்று அவனுடைய பெயரை மூன்று தரம் சொல்லிக் கூப்பிட்டால் வீட்டுக்கும் வந்துவிடுவான். ஆனால் வீட்டுக்கு வந்தது அவனே இல்லை என்பதுதான் கதையின் திகில். அந்த இடத்தை எழுதி முடித்த அன்று யோகலிங்கம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

"நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை. அதெல்லாம் பொய்யெண்டு நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ, தம்பி. பரிசு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

"கட்டாயம் சொல்லுறன்" என்றான் யோகலிங்கம். ஒரு சொல்லில் முடிகிற காரியம் என்றுதான் அவன் நினைத்தான்.

விழா புதன்கிழமை பின்னேரம். நகர மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். பின்வரிசைக் கதிரையில் கதிரவேலும், பக்கத்தில் நெற்றியில் குங்குமத்தோடு அவருடைய தங்கை இரத்தினேஸ்வரியும். அவள் மடியில் அந்தப் பத்திரிகை நாலாக மடிந்து கிடந்தது.

நடுவர் இராசநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒலிவாங்கி கிடைத்தால் இலேசில் விடமாட்டார். "இதைக் கற்பனை என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்! கண்ணால் காணாத ஒருவனால் இப்படி எழுத முடியாது!" என்று முழங்கினார். மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் ஒரு தலை ஓம் ஓம் என்று ஆடியது. யோகலிங்கத்துக்கு அந்தக் கிழவரின் வாயைப் பொத்த வேண்டும்போல் இருந்தது.

பொன்னாடை போர்த்திப் பரிசுக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். அவன் ஒலிவாங்கியை எட்டிப் பிடித்தான். "இந்தக் கதை முழுக்க முழுக்க என் கற்பனை. இதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை."

"பாருங்கள் அந்த அடக்கத்தை!" என்றார் இராசநாயகம். மறுபடியும் கைதட்டினார்கள்.

வெளியே மதிலோரம் இரத்தினேஸ்வரி காத்து நின்றாள். அவன் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

"அக்கா, அது பொய். நான் மேசையில இருந்து யோசிச்சு எழுதினது. கடல் பக்கமே போகேல்லை."

அவள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். "பொய்க்கு ஆர் தம்பி பரிசு குடுப்பினம்? இவ்வளவு படிச்ச ஆக்கள்?"

பதினொரு வருடமாக அவன் ஏங்கிய கிண்ணம் கையில் கனத்தது. அதை அந்த இடத்திலேயே போட்டு உடைக்கலாம்போல் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"சரி, அப்பிடியே வந்தாலும் வாறது அவரில்லையெண்டு கதையில இருக்கே? அதையும் படிச்சனீங்கள்தானே?"

"படிச்சனான். எப்பிடி வந்தாலும் காரியமில்லை. வரட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மூண்டு நாளாக் கூப்பிட்டனான், தம்பி. வரேல்லை. பிழை என்னிலதான். கட்டின மனிசன்ர பேரை நான் எப்பிடிச் சொல்லுறது? ஒரு நாளும் சொன்னதில்லை. 'இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ' எண்டுதான் கூப்பிட்டனான். அந்தக் கரையில எத்தினை பொம்பிளையள் இஞ்சாருங்கோ எண்டு கூப்பிடுறவை? தன்னைத்தான் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? அண்ணை மாட்டாராம். நீங்கள் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ."

யோகலிங்கம் கதிரவேலைப் பார்த்தான். "போங்கோ தம்பி. கூப்பிட்டும் வராட்டியாவது பொய்யெண்டு நம்புவாள்" என்றார் அவர்.

பஸ்ஸில் சல்லிக்குப் போனார்கள். சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. யோகலிங்கம் பொன்னாடையையும் கிண்ணத்தையும் மணலில் வைத்துவிட்டு, களிசானை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். இரத்தினேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கனகசுந்தரம்!"

முதல் தரம் வெட்கமாக இருந்தது. இரண்டாம் தரம் குரல் உடைந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது, தான் எழுதிய பேய்க்குத் தானே பயந்து கண்ணை மூடிக்கொண்டான். திறந்து பார்த்தால் கடல் கடலாகவே கிடந்தது. யாரும் வரவில்லை.

பாவம் என்று தோன்றினாலும், முடிந்தது என்ற ஆறுதலும் அவனுக்குள் இருந்தது. "பாத்தனீங்கள்தானே, அக்கா?"

"ஓம், பாத்தனான்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முகம் தெளிந்திருந்தது. "அவருக்கு உங்கடை குரல் தெரியாது, தம்பி. அறியாத ஆம்பிளை கூப்பிட்டா ஆர்தான் வருவினம்? நாளைக்கும் வாங்கோ. பழகட்டும்."

கரையில் நின்ற கதிரவேல் கிண்ணத்தை எடுத்து, அதிலிருந்த மணலைத் தட்டி அவனிடம் நீட்டினார்.