கோலாவும் டயாட்டமும்: ஐந்து மதிப்பெண்

"நன்னீரில் வாழும் டயாட்டத்தையும் மரத்தில் வாழும் கோலாவையும் ஒப்பிடுக." 1988 அரையாண்டுத் தேர்வில் இந்த வினாவைக் கேட்டவள் நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன்னுக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். நெட்டுருப் போடுகிறவர்கள் திருதிருவென்று விழிக்கட்டும் என்கிற குசும்பு.

நூற்றிருபது தாள்கள். டயாட்டம் என்ற நுண்பாசிக்குக் கண்ணாடிக் கூடு, கோலாவுக்கு வயிற்றுப் பை என்ற சொற்கள் கண்ணில் பட்டால் ஒரு டிக், நாலு மார்க். தூங்கி வழிந்துகொண்டுதான் திருத்தினேன்.

அவரவர் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி மாணவிகளிடம் தாள்களைக் கொடுத்தேன். தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வரும் செல்லக்கனி மட்டும் என் மேஜையருகே நின்றாள்.

"படிச்சீங்களா டீச்சர்? இது வீட்டுக்குப் போக வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க."

படிக்காமலா மார்க் போட்டேன் என்று சிடுசிடுத்தேன். கையெழுத்து இல்லாமல் வகுப்புக்குள் கால் வைக்காதே என்றேன். கள்ளக் கையெழுத்துப் போட்ட இருவரை அந்த வாரம்தான் முட்டி போட வைத்திருந்தேன். அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் ஆளைக் காணோம். ஐந்தாம் நாள் அவளுடைய அப்பா இருளப்பசாமி வந்தார். பிள்ளை கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாள், பெயரை அடித்துவிடுங்கள் என்று சொல்லி, கையெழுத்திட்ட தாளை மேஜையில் வைத்தார். அப்போதுதான் அந்த விடையை வரி வரியாகப் படித்தேன்.

"கோலா குட்டியை வயிற்றுப் பையில் ஒளித்துக்கொள்ளும். எனக்கு ஒளிய இடமில்லை. மாமாவைக் கட்டமாட்டேன் என்றதற்கு அப்பா கிணற்றைக் காட்டினார். உயிரோடு மூழ்கினால்தான் டயாட்டத்தின் கண்ணாடிக் கூடு எலும்புக்குள் போகும், செத்த பிறகு வீசினால் போகாது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கிணற்றில் கிடந்தால் என் எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள், டீச்சர்."

பக்கத்தில் என் சிவப்பு டிக். படுபாவி நான், ஒரு வரி படித்திருந்தால் போதும். முகத்தில் ஒன்றும் காட்டாமல், எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கல்யாணமாகாத புள்ளைய பொதைக்கிறதுதான் எங்க வழக்கம். இவளை எரிச்சிட்டோம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாலு மார்க் போட்டிருக்கீகளேன்னு முழுசாப் படிச்சுப் பார்த்தேன் டீச்சர். பொறவுதான் கையெழுத்துப் போட்டேன்."