புதுத் தொப்பியோடு வந்தவன்

எலிசெயோ வண்டியை விட்டு இறங்கியதும் எஸ்மெர்லின் முதலில் பார்த்தது அவன் தொப்பியைத்தான். மூன்று வருஷமாக அந்தத் தலையில் நீலத் தொப்பி இருந்தது. இன்று சிவப்பு.

எஸ்மெர்லினுக்குப் பதின்மூன்று வயதானபோது, இதே வாசலில் கை குலுக்கி, வாய்மொழியாக ஒப்பந்தம் பேசி முடித்துக்கொண்டு போனவன் எலிசெயோ. பேஸ்பால் ஆடுகிற பையன்களைத் தேடிப் பிடித்து அமெரிக்காவின் நீல அணிக்குக் கொடுப்பது அவன் வேலை. பதினாறு ஆகும் முன் யாரையும் பேசிவைக்கக் கூடாது என்பது அமெரிக்க லீகின் விதி. கடலுக்கு இந்தப் பக்கம், நிசாவோ ஊரில் அதை மதித்தவன் எவனும் கிடையாது. அன்றிலிருந்து வேறு அணிக்காரர்கள் கண்ணில் படாமல் எஸ்மெர்லினை ஒளித்துவைத்தார்கள். பள்ளிக்கூடமும் நின்றது. போன மாதம் பதினாறு முடிந்து, கையெழுத்துப் போட இருந்த சமயத்தில்தான் லீக் விழித்துக்கொண்டது. திருட்டுத்தனமாகப் பையன்களைப் பேசிவைத்த குற்றத்துக்காக, நீல அணி இரண்டு வருஷம் வெளிநாட்டுப் பையன் யாரையும் எடுக்கக் கூடாது.

அம்மா நெரெய்டா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"டோன்யா நெரெய்டா, இந்தக் காபிக்காகவே வந்தேன்," என்றான் எலிசெயோ, பெரிய வீட்டு அம்மாளை அழைக்கிற மரியாதையோடு.

"காபி கெடக்கட்டும். தப்புப் பண்ணது உங்க டீமு. தண்டனை எம்புள்ளைக்கா?"

"அவனுக்கு எங்க தண்டனை? இப்ப அவன் ஃப்ரீ. எந்த டீமுக்கு வேணாலும் போகலாம்."

"போய்க் கேட்டாச்சு. எல்லாரும் அடுத்த மூணு வருஷத்துக்கு ஆள் பேசி வெச்சுட்டாங்களாம். உங்களுக்கு என்ன தண்டனை குடுத்தாங்க?"

"வேலைய விட்டே தூக்கிட்டாங்க."

"எத்தனை நாளு?" என்றான் எஸ்மெர்லின்.

எலிசெயோ சிரித்தான். சிவப்புத் தொப்பியின் விளிம்பைத் தொட்டுக் காட்டினான். "ஒரு வாரம், சாம்பியன். இப்ப செவப்பு டீமு."

வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் கல் மோதியது. மறுபடியும். அதே இடத்தில். எலிசெயோவின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"யாரு அது?"

"சின்னவன், டாரியெல்," என்றாள் நெரெய்டா. "அவனுக்குப் பன்னெண்டுதான் ஆகுது."

"சும்மா ரெண்டு பந்து போடட்டுமே." வண்டியிலிருந்து புதுப் பந்தும், வேகம் அளக்கும் கருவியும் வந்தன. "நீ பிடி, சாம்பியன். தம்பி தேறிட்டான்னா உன்னையும் சேத்து எடுக்கச் சொல்றேன். ஒரே பொட்டலமா."

நெரெய்டா பெரியவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆசை வந்துவிட்டிருந்தது. எஸ்மெர்லின் பந்து பிடிக்கும் கையுறையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள்.

"டேய், மெதுவாப் போடு. கோணலாப் போடு," என்றான் தம்பியின் காதோடு.

"ஏன்? உன்னவிட நான்தான் கெட்டின்னு தெரிஞ்சிரும்னு வயிறெரியுதா?"

டாரியெல் முழு பலத்தோடு வீசினான்.

ஆள் பிடிப்பவர்கள் வந்தால் பந்தைக் கையுறையின் குழியில் வாங்கவேண்டும். வெடி வெடித்த மாதிரி சத்தம் வரும், வீசியவன் பெரிய ஆளாகத் தெரிவான். எஸ்மெர்லினுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள். இன்று அவன் வேண்டுமென்றே உள்ளங்கை எலும்பில் வாங்கினான். பொத்தென்று ஈரத்துணி விழுந்தது போலச் சத்தம். இரண்டாவதையும் அப்படியே. கட்டைவிரல் மரத்துப்போனது.

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றான். "பந்துல வேகமே இல்ல, காத்துதான் வருது."

எலிசெயோ சத்தத்தைக் கேட்கவே இல்லை. கருவியில் வந்த எண்ணைப் பார்த்தான். அதை உள்ளங்கையால் மூடினான். பிறகு வேலிக்கு அப்பால் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"இவனை வேற யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"இல்ல!" என்றான் டாரியெல், வாயெல்லாம் பல்லாக.

"நல்லது. இனிமேயும் பாக்க வேணாம்."

எலிசெயோ கையை நீட்டினான். டாரியெல் தன் கையை டவுசரில் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

யாரும் சொல்லாமலேயே நெரெய்டா முன்வாசலுக்குப் போய்த் தெருக்கதவைச் சாத்தினாள்.