பொது மயானத்தில் ஓர் இடம்

கார்சோனோ இறந்தபோது ஊர்ப் பொது மயானத்தில் குழி வெட்ட விடவில்லை. ஜாவாவின் பழைய வழிபாட்டைச் சேர்ந்தவர் அவர். அடையாள அட்டையில் மதம் என்ற இடத்தில் ஒரு சிறு கோடுதான் இருந்தது.

"ஏதாவது ஒரு மதத்தை எழுதிக் குடுங்க, இப்பவே வெட்டச் சொல்றேன்" என்றார் ஊர்த்தலைவர் சுரோதோ.

"செத்தவரையா மதம் மாறச் சொல்றீங்க?" என்று கேட்டாள் மனைவி வார்சித்தி.

கொல்லையில் மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு அங்கேயே புதைத்தார்கள். அவள் வழக்குப் போட்டாள். அதன்பின் அவள் பொரித்து விற்கும் தெம்பே என்ற சோயாக் கட்டியை ஊரில் யாரும் வாங்கவில்லை. பாத்தாம் தீவில் தொழிற்சாலை வேலையிலிருந்த மகன் தொலைபேசியில் சலித்துக்கொண்டான்.

"எதுக்கும்மா வம்பு? அப்பா வீட்டுலதானே இருக்காரு."

"இருக்குறது வேற, விரட்டுனதால இருக்குறது வேறடா."

காலையில் காப்பியோடு கொல்லைக்குப் போய், வழக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று கணவரிடம் சொல்வாள். கேட்க வேறு ஆளில்லை.

பொது மயானம் எல்லோருக்கும் உரியது, நம்பிக்கையைக் காட்டி எவரையும் மறுக்கக் கூடாது என்று சில வருடங்கள் கழித்து நீதிபதி தீர்ப்பு வாசித்தார். திரும்பும் பேருந்தில் வார்சித்திக்கு அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சுரோதோ அனுமதி கொடுத்துவிட்டார். "கோர்ட்டு சொன்னதைச் செஞ்சுட்டேன்க்கா. ஆனா தூக்குறதுக்கு ஆளனுப்பச் சொல்லி அதுல இல்ல."

"நான் கேக்கலியே."

பக்கத்து மாவட்டத்திலிருந்து அதே வழிபாட்டுக்காரர்கள் சிலர் வேனில் வந்தார்கள். கொல்லையைத் தோண்டி, எலும்புகளை எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனார்கள். தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. மயானத்தின் கிழக்கு ஓரத்தில், ஊராரின் கல்லறைகளுக்கு நடுவே, கார்சோனோவை அடக்கம் செய்தார்கள். யாரும் தடுக்கவில்லை. வார்சித்திக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வேன் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவள் மண்வெட்டியை எடுத்துக் கொல்லைக் குழியை மூடத் தொடங்கினாள். மண் போதவில்லை. வழக்குப் போட்ட நாளிலிருந்து பேசாத அண்டைவீட்டு முல்யாதி, வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்க பக்கத்துல குவிச்ச மண்ணு கெடக்கு" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "வேணும்னா எடுத்துக்க."

"எடுத்துக்கறேன்" என்றாள் வார்சித்தி.

முல்யாதி உள்ளே போனாள். வார்சித்தி கூடையைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி நடந்தாள்.