சாமுவேலை யார் அழைப்பது?

சாமுவேலின் கதையைப் படமாக்கத் துணிந்தபோது, அதில் இத்தனை வில்லங்கம் இருக்கும் என்று உபதேசியார் யேசுரத்தினம் எண்ணவில்லை. பதுளைப் பங்குத் திருவிழாவில் திரையிடுவதற்கான சின்னஞ்சிறு படம் அது. நமுனுகுல மலைச் சரிவிலிருந்த தேயிலைத் தோட்டத்துக் கோயில்தான் பழங்கால ஆலயம். பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்ட அவரே முதிய குரு ஏலி. கூந்தலைத் துண்டுக்குள் மறைத்த அவருடைய மகள் சஜீவனி, சிறுவன் சாமுவேல். உறங்கும் சிறுவனைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்க, ஏலிதான் அழைத்தார் என்று எண்ணி அவன் அவரிடம் ஓடவேண்டும்.

கடவுளுக்கு யாருடைய குரலைக் கொடுப்பது? பெரிய கங்காணியைப் பேசவைத்துப் பார்த்தார். காலைப் பெரட்டில் பேர் வாசித்து வேலைக்கு ஆள் கூப்பிடுவது போலவே இருந்தது.

"ஆண்டவரு கொழுந்தெடுக்கவா கூப்பிடுறாரு!" என்று கெமராக்காரன் ஜொனி சிரித்தான்.

அலுத்துப்போய், குரலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அவர் கையசைத்ததும் பிள்ளை எழுந்தால் போதும். பிற்பகலில் சன்னல்களைச் சாக்குகளால் மூடி இருட்டாக்கினார்கள். அவர் கையசைத்தார். சஜீவனி அசையவில்லை.

"மூணாந்தடவ கூப்பிட்டாத்தானேப்பா எந்திரிக்கணும்?"

தோட்டத்து லயக் குடியிருப்புகளின் வழக்கம் அது. வெளியிலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் மூன்றாம் அழைப்புக்குத்தான் பதில் கொடுப்பார்கள். காத்துக் கறுப்பால் மூன்று முறை அழைக்க முடியாதாம்.

"நடிப்புன்னாலும் அந்தப் பழக்கத்தக் கெடுக்காதீங்க," என்றாள் அவர் மனைவி இருதயம்மா.

"ஆண்டவரையும் தொண்டத் தண்ணி வத்தக் கத்த விடுவியா நீ?" என்று கேலி செய்துவிட்டு மகளிடம் திரும்பினார். "மொதத் தடவயே எந்திரிச்சிரணும், என்ன?"

கெமரா மீண்டும் ஓடியது. கதவிடுக்கில் மூடுபனி கசிந்தது. அவர் கையை உயர்த்துமுன்பே சஜீவனி எழுந்து ஓடிவந்தாள்.

"இந்தா இருக்கேன். கூப்பிட்டீங்களே!"

"நான் கூப்பிடல. போய்ப் படு." வசனமும் அதுதான், உண்மையும் அதுதான்.

"அருமை அண்ணே!" என்றான் ஜொனி.

"கைய அசைக்கலியே, ஏம்மா எந்திரிச்ச?"

"நீங்கதானே கூப்பிட்டீங்க? சாமுவேல்னுகூட இல்ல, சஜீவனின்னு."

காதில் ஒலிக்கருவி மாட்டியிருந்த ஜொனி உதட்டைப் பிதுக்கினான். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

மறுமுறை, தாடியோடு சேர்த்துத் தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அமர்ந்தார் யேசுரத்தினம். சஜீவனி எழுந்தாள். வாசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இங்க இருக்கீங்க. ஒங்க கொரல் வெளிய இருந்து வருது."

அழைப்பவர் ஆண்டவரே என்று ஏலி உணர்ந்துகொண்டு, 'பேசும், உம் அடியேன் கேட்கிறேன்' என்று பதில் சொல்லப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது இந்த இடத்தில்தான். எத்தனையோ ஞாயிறுகளில் யேசுரத்தினம் அதைப் போதித்திருக்கிறார். ஆனால் ஏலி எதைக் கொண்டு உணர்ந்தார்? வேதம் அதைச் சொல்லவில்லை. அழைப்பவர் ஆண்டவரானால் மகளைத் தடுப்பது பாவம். வேறு ஏதாவதென்றால்? அவருக்கு எந்த அடையாளமும் கிடைக்கவில்லை.

"புள்ளையக் கூட்டிக்கிட்டு பின்வாசலால போ, இருதயம். யாரு கூப்பிட்டாலும் வாயத் தெறக்காதீங்க. என் கொரலா இருந்தாலும்."

அவர்கள் போனதும் தாடியைப் பிய்த்தெறிந்துவிட்டு, மகள் கிடந்த பாயில் வாசலை நோக்கிப் படுத்தார்.

"அண்ணே, நிப்பாட்டவா?" ஜொனி கேட்டது அவர் காதில் விழவில்லை.

"பச்சப் புள்ள, அவ வேணாம்," என்றார் வாசலைப் பார்த்து. "பேசும். அவ தகப்பன் கேக்குறேன்."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, தேயிலைச் செடிகளை மூடிய பனிக்குள்ளிருந்து, "ரத்தினம்" என்று ஒரு குரல் கேட்டது. அவரை அப்படி அழைத்தவர் ஒருவர்தான். அதே சரிவின் மண்ணுக்குள் யேசுரத்தினம் தம் கையாலேயே அடக்கம் செய்த அப்பா.

ஜொனி கொட்டாவி விட்டான்.

யேசுரத்தினம் எழுந்து உட்கார்ந்தார். நுனிநாக்குவரை வந்துவிட்ட பதிலைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்தார்.