கொளஞ்சியம்மாள் பேர் வெட்டிய சம்படம்

இந்தப் பேரில் யாரும் அந்த விமானத்தில் ஏறவில்லை என்கிறார் விமானப்படை அதிகாரி. எப்படி ஏறியிருப்பாள்? அம்மா பஸ்ஸில்கூட ஜெயங்கொண்டத்தைத் தாண்டியதில்லை.

வளர்மதி அந்தச் சம்படத்தைக் கையில் வாங்கினாள். அதிகாரி அதைப் பாலிதீன் உறைக்குள் வைத்தே கொடுத்தார். மீன்வலையில் ஏதோ விமானத்தின் இறக்கைத் துண்டும் இதுவும் சேர்ந்து வந்தனவாம். இறக்கைத் தகட்டிலிருந்த விமானத்தின் எண்ணைக் கடல் உப்பு தின்றுவிட்டது. எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து மட்டும் நின்றது: கொளஞ்சியம்மாள், மீன்சுருட்டி. ஒன்பது வருடத்துக்கு முன் கடலுக்கு மேலே விமானப்படை விமானத்தோடு காணாமல் போனவர்களில் மீன்சுருட்டிக்காரன் ஒருவன்தான், வளர்மதியின் கணவன் அறிவரசன்.

"எங்கம்மா பேருங்க. சீருக்குக் குடுத்தது. லீவு முடிஞ்சு கெளம்புனப்ப இதுலதான் புளிச்சோறு கட்டிக் குடுத்தேன்."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப அதே விமானம்தாம்மா" என்றார்.

வளர்மதிக்கு அழுகை வரவில்லை. உடல் கிடைக்காமலேயே வைக்கோல் பொம்மையைக் கொளுத்தி, அவள் தாலியையும் அப்போதே வாங்கிவிட்டார்கள். முன்னால் நின்று நடத்தியவன் கொழுந்தன் வீரமணி. இப்போது அவன்தான் சம்படத்தை எட்டிப் பார்த்தான்.

கல்யாணத்தில் சீரைப் பரப்பியபோது, "சம்படத்தவிடப் பேரு நீளமா இருக்கே அண்ணி" என்று பந்தலையே சிரிக்க வைத்தவன். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அம்மா கூலிக்கு முந்திரிக்கொட்டை உடைத்து வாங்கிய சீர். அந்தத் தோலின் எண்ணெய் பட்டு அவள் விரல் ரேகை வெந்து அழிந்திருந்தது. ரேஷன் கடை மெஷின் கடைசிவரை அவளை அவள் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

"ஊர் முகப்புல அண்ணனுக்குச் சிலை வைக்கிறோம் சார். கீழ கண்ணாடிப் பெட்டியில இத வச்சிடலாம்" என்றான் வீரமணி.

"விசாரணை முடிஞ்சதும் அனுப்பிடுறோம்."

"அனுப்பறப்ப இந்தப் பேர தேச்சு எடுத்துட்டு, அண்ணன் பேர வெட்டிக் குடுத்துடுங்க. நாலு பேரு வந்து பாக்குறது, அதுல மாமியா பேரு எதுக்கு? அண்ணி ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சரின்னு சொல்லுங்க அண்ணி."

அதிகாரி அவளைப் பார்த்தார். வளர்மதி உறைக்கு மேலாகவே எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். பேர் வெட்டிய பாத்திரக்கடைக்காரன் அவசரத்தில் கடைசிப் புள்ளியைத் தள்ளி வைத்திருந்தான்.

"வேண்டாம் தம்பி" என்றாள். "அது அப்படியே இருக்கட்டும்."