கோடு விழாத தட்டு

அன்று காலை அல்மாத்தி ஆய்வகத்துக்கு வந்த அக்போத்தா, நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை. வரிமீன் கருக்களின் பின்மூளைதான் ஆறு வருடமாக அவள் பிழைப்பு. நரம்புச் செல் பிறக்கும் இடத்தில் மட்டும் ஊதா ஏறும்படி சாயமிட்டிருந்தாள். பின்மூளை சின்னச் சின்னக் கண்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கண்டத்தின் இரண்டு ஓரங்களிலும் ஊதாக் கோடு விழும். நடுப்பகுதி வெறிச்சென்று கிடக்கும். இன்று கோடே இல்லை. கண்டம் முழுக்க ஊதா.

செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஒரு புரதச் செய்தியை, எந்தச் செல்லுக்கும் எட்டாதபடி மருந்து போட்டுத் தடுத்திருந்தாள். 'நரம்பாக மாறு' என்பதுதான் அந்தச் செய்தி என்று நினைத்திருந்தாள். அப்படியானால் ஊதா குறைந்திருக்க வேண்டும். கூடியல்லவா இருக்கிறது!

பக்கத்து மேசை பெக்ஸாத் எட்டிப் பார்த்தான். அவளைவிட நான்கு வயது மூத்தவன்; 'அகா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். எதையும் லேசில் நம்பமாட்டான்.

"சாயத்துல ஊற வச்சுட்டு டீ குடிக்கப் போயிருப்ப, தங்கச்சி."

"நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல, அகா."

"அப்ப நீ பார்க்க ஆசப்பட்டதத்தான் பார்க்கற."

"ஆசப்பட்டதுக்கு நேர் எதிராத்தானே வந்திருக்கு! சரி, அடுத்த தடவ நீங்களே மருந்து போடுங்க. எதுல போட்டீங்கன்னு சொல்லாம குடுங்க. நான் கண்டுபிடிக்கறேன்."

அடுத்த வாரம் பெக்ஸாத் எட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்தான். எழுத்து மட்டும் ஒட்டியிருந்தது. விவரச் சீட்டு அவன் சட்டைப்பையில். மதியம்வரை பார்த்து, ஐந்தில் மருந்து, மூன்றில் இல்லை என்றாள் அக்போத்தா.

"தோத்துட்ட! நாலுலதான் போட்டேன். இந்த ஏழாவது தட்டு வெறும் தண்ணி."

அவள் முகம் சுருங்கியது. ஏழாவதை மறுபடி பார்த்தாள். கோடு இல்லை, சந்தேகமே இல்லை. மருந்து பட்ட கருக்கள்போலவே இதுவும் கொஞ்சம் சிறுத்திருந்தது.

"இது எப்ப போட்ட முட்டை, அகா?"

பெக்ஸாத் பவுர்சாக் என்ற பொரித்த ரொட்டியைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தான்.

"அகா!"

"முட்டை பத்தல. சாயங்காலம் விளக்கு போட்டு முட்டையிட வைப்போமே, அந்தத் தொட்டியிலேர்ந்து கொஞ்சம் எடுத்தேன். அர நாள் சின்னது. அதுக்குன்னு அடிச்சுடாத."

அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மருந்தே படாத இளம் கருவில் கோடு இல்லை. அரை நாள் மூத்ததில் இருக்கிறது. அப்படியானால் முதலில் எல்லா இடத்திலும்தான் நரம்பு பிறக்கிறது. பிறகு யாரோ நடுவில் இருக்கும் செல்களிடம் 'பொறு' என்கிறார்கள். அந்தச் செய்தி கட்டளை இல்லை, தடை!

"யார் சொல்றா?" என்றாள் சத்தமாக.

"யாரு, என்ன சொல்றா?"

"நாளைக்கு முட்டை வேணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தட்டு."

இம்முறை இரண்டு சாயம். ஊதாவோடு, செய்தியை அனுப்பும் செல்லுக்குச் சிவப்பு. முதல் தட்டுகளில் எங்கும் ஊதா. அப்புறம் கண்டத்தின் நடுவே, ஏற்கெனவே பிறந்துவிட்ட நரம்புகளில், சிவப்புப் பொட்டு. அதற்கடுத்த தட்டுகளில் அந்தப் பொட்டுக்கு அக்கம்பக்கத்து ஊதா கலைந்து, ஓரங்களுக்கு ஒதுங்கியது.

பெக்ஸாத் கடைசித் தட்டை ரொம்ப நேரம் பார்த்தான்.

"முன்னாடி பிறந்தவன் பின்னாடி வர்றவனத் தடுக்கறானா? எங்க வீட்டுல பெரியண்ணன் இப்பிடித்தான்."

"கெடுக்கறதுக்காகத் தடுக்கல, அகா. எல்லாரும் ஒரேயடியா நரம்பாயிட்டா, நாளைக்குப் புதுசா நரம்பு பண்ண மூலச் செல்லே மிஞ்சாதில்ல? சேத்து வைக்கறாங்களோ என்னமோ."

"என்னமோவா? நிரூபி."

"நடுவுல இருக்கற அந்தச் செல்ல மட்டும் இல்லாமப் பண்ணிப் பார்க்கணும். கோடு கலையணும்."

"கலையலன்னா?"

"கலையலன்னா இன்னும் நல்லாருக்கும், வேற யாரோ 'பொறு'ங்கறாங்கன்னு ஆகுமே," என்றாள் அக்போத்தா. கை ஏற்கெனவே அடுத்த தட்டில் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.