கீழ்வீட்டுத் தூக்கமும் ஒரு பியானோவும்

பியானோ வாங்கக் கீழ்வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். "பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுறியா?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பதில் சொல்லக்கூட நேரமில்லாத சந்தோஷம் எனக்கு.

நான் டவுன் பஸ் ஓட்டுகிறேன். விடியற்காலை டிரிப் முடித்து மதியம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வாசிக்க எனக்குக் கிடைப்பது அந்த மதியம்தான். கீழ்வீட்டுக்காரர் பேக்கரியில் வேலை செய்கிறவர், இரவெல்லாம் மாவு பிசைந்து ரொட்டி சுட்டுவிட்டு வருவார். அவருக்கு ராத்திரி என்பதே மதியம்தான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு என் பழைய கீபோர்டில் நான் வாசித்தால் எனக்குப் பாட்டு, அவருக்கு டொக்கு டொக்கு. கட்டைகளை விரல் தட்டுகிற சத்தம் மட்டும் தரை வழியாக அவர் கட்டிலுக்கு இறங்கிவிடும்.

ஒரு நாள் மேலே வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அதற்கு எனக்கு வாய் உண்டு. அந்த மனுஷன் சிவந்த கண்ணோடு, "கொஞ்சம் பாத்து வாசிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்படிப்பட்டவரிடம் என்னவென்று மல்லுக்கு நிற்பது? அன்றிலிருந்து கீபோர்டைத் தொடவே பயம். நாலு கட்டை வாசிப்பேன், நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வேன். மறுபடி நாலு கட்டை. கீழே ஒரு இருமல் கேட்டால் அன்றைய வாசிப்பு அதோடு சரி.

இதற்கு நடுவில் என் டீச்சர் குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்தப் பொம்மையில இனிமே கத்துக்க ஒண்ணுமில்ல. நிஜப் பியானோ மாதிரி கட்டை கனமா இருக்கிற டிஜிட்டல் பியானோ வாங்குங்க. இல்லேன்னா இத்தோட நிறுத்திக்கலாம்."

நிறுத்துவதா? நாற்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுப் பிடித்த பைத்தியம் இது, அவ்வளவு லேசில் விடுவேனா? ஆனால் விசாரித்துப் பார்த்தால் சிக்கல் அங்கேதான் இருந்தது. கட்டைக்குக் கனம் கொடுப்பது உள்ளே இருக்கிற குட்டிச் சுத்தியல்களாம். அவை விழ விழத் தரைக்கு அதிர்வும் கூடுமாம். என் விரலுக்கு எது நல்லதோ அது அவர் தூக்கத்துக்கு ஆகாது. நேராகக் கீழே போய், "அண்ணே, நீங்க கேட்டுச் சரின்னு சொல்றதைத்தான் வாங்குவேன். எதுவும் சரிப்படலைன்னா எனக்குப் பியானோவே வேண்டாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டு மேலே வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்றே எனக்கு உறைத்தது.

அந்தக் கடையில் பியானோக்கள் மரத்தளம் போட்ட மாடியில் இருந்தன. கீழே டிரம்ஸும் கிடாரும், உட்கார்ந்து வாசித்துப் பார்க்க ஒரு சோபாவும். எங்கள் வீட்டு அமைப்பை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி இருந்ததால் எனக்கு மனசு துள்ளியது.

விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "இதுல ஐந்நூறு சவுண்ட் இருக்கு மேடம்." அடுத்த நிமிஷம் என் வீட்டுக்காரர் ஏதோ ஒரு பட்டனை அழுத்த, கடை முழுக்க ஹெலிகாப்டர் பறந்தது.

"இதை வாங்கலாமே" என்றார்.

"அதுல ஏறி நீங்க வேணா போங்க" என்றேன். அந்தப் பெண்ணிடம் ஹெட்போன் கேட்டு வாங்கிக்கொண்டேன். "வெளிய சத்தம் வேண்டாம்மா. கீழ ஒருத்தர் இருக்கார். கட்டை சத்தம் அவருக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

அவள் மாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேக்கரிக்காரர் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தார். "படுத்தாத்தாம்மா சரியாத் தெரியும்" என்று கீழேயிருந்து விளக்கம் சொன்னார். அவள் பாவம், எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஹெட்போன் மாட்டினால் எனக்கு அவர் குரல் கேட்காது. அதனால் என் வீட்டுக்காரர் படியின் நடுவில் நின்று, கீழே கேட்டு மேலே கட்டைவிரல் காட்டுவதாக ஏற்பாடு. முதல் பியானோவில் நாலு கட்டை வாசித்தேன், நிறுத்தி அவரைப் பார்த்தேன். மறுபடி நாலு கட்டை. கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்பியது. இரண்டாவதில் கட்டைகள் பஞ்சு மாதிரி லேசு, என் பழைய பொம்மையேதான். அதற்கும் கட்டைவிரல் கீழே. "தூக்கம் சொக்குது, ஆனா வர மாட்டேங்குதாம்" என்று தூது வந்தது. வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று தோன்றிவிட்டது.

மூன்றாவது பியானோ சுவரோரமாக இருந்தது. பழுப்பு நிறம், ஒரு பட்டன்கூட அதிகமில்லை. ஒரு கட்டையை அழுத்தினேன். அது என் விரலோடு இறங்கி, விரலைத் தாங்கிக்கொண்டு, மெல்ல மேலே வந்தது. இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசியது, அழுத்தினால் நெஞ்சு வரைக்கும் வந்தது. எனக்கு முழுசாகத் தெரிந்த ஒரே பாட்டை ஆரம்பித்தேன். படியைப் பார்க்க மறந்தேன். பேக்கரிக்காரரை மறந்தேன், வாக்கை மறந்தேன். பாட்டு முடிந்தது தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தோளைத் தட்டி ஹெட்போனைக் கழற்றினார் என் வீட்டுக்காரர். "ஆள் தூங்கிட்டாரு."

எட்டிப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, டிரம்ஸுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு தூக்கம். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "இதுதான், இதையே போட்டுடும்மா" என்றேன்.

விற்பனைப் பெண் தயங்கினாள். "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். இருக்கிறதுலயே அதிகமாத் தரையில அதிர்றது இதுதான். நீங்க வாசிச்சப்ப எனக்கே காலுக்கடியில தெரிஞ்சுது."

வார்த்த பால் அப்படியே திரிந்துவிட்டது. அதற்குள் கீழே அசைவு. பேக்கரிக்காரர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுதே. திம்மு திம்முன்னு, எங்க மாவு பிசையற மிஷின் மாதிரி. அது ஓடுறப்ப மூட்டை மேல சாஞ்சே தூங்கிடுவேன். நின்னாத்தான் முழிப்பு வரும்."

"அப்ப வீட்ல?"

அவர் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தார். "வீட்ல நீங்க முதல்லேருந்தே தடுக்கித் தடுக்கித்தான் வாசிப்பீங்க. நான் வந்து சொன்னப்புறம் இன்னும் மோசம், நாலு தட்டு தட்டுவீங்க. நின்னுடும். அடுத்தது எப்ப வரும், எப்ப வரும்னு கூரையைப் பாத்துக்கிட்டே கிடப்பேன். வந்ததும் திரும்ப நின்னுடும். சத்தம் என்னை ஒண்ணும் பண்ணலம்மா. அந்தக் காத்திருப்புதான் கொன்னுது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறவர்கள், சிக்னலில் வண்டி நின்றதும் கண் விழிப்பதைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள் நான். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று பயந்து பயந்து நிறுத்தியே அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன்.

"வாங்கிக்கவாண்ணே?"

"வாங்குங்க. ஆனா நான் படுத்தப்புறம் ஆரம்பிச்சுட்டு பாதியில நிறுத்தினீங்கன்னா, அப்ப மாடி ஏறி வந்து நிஜமாவே சண்டை போடுவேன்."

மறுநாளே பியானோ வீட்டுக்கு வந்துவிட்டது. கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் உட்கார்ந்தேன். வாசித்தேன், எங்கேயும் நிற்கவில்லை. பாட்டு முடியப் போகிற இடத்தில்தான் பகீரென்றது, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. மூச்சுக்கூட விடாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.